பட்டியலில் எழுதும் வரி
ஜெர்மனியில் தனித்தொழில் புரிவோர் அறிய வேண்டியவை

சம்பளத்திற்கு வேலை செய்வோர்க்கும் தம் பொறுப்பில் தொழில் புரிவோர்க்கும் வேறுபாடுகள் பல உள. வரி வகையில் ஒன்று தலையாயது. ஜெர்மனி நாட்டில் சம்பளக்காரரின் வரியை முதலாளியே மாதந்தோறும் பிடித்து அரசுக்குச் செலுத்திவிடுகிறார். மொழிபெயர்ப்பாளர், ஓவியர், கணினி நிரல் எழுதுவோர் முதலிய தனித்தொழிலாளர்க்கோ அத்தகைய இடையாள் இல்லை. தம்மைப் பதிவு செய்துகொள்வதும், வரியைக் கணக்கிடுவதும், 'இன்வாய்ஸ்' என்னும் விலைப்பட்டியலை எழுதுவதும் அவர்தம் கடமையே. அங்குச் சென்று தொழில் புரிய விழையும் நம் இளைஞர்க்குப் பயன்படுமாறு அம்முறையை இங்கே விளக்குவோம்.

ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேராத நம்மவர்க்கு முதலில் வேண்டுவது, தனித்தொழிலுக்கு இடந்தரும் தங்கல் உரிமம். மாணவராகத் தங்கியிருப்போர் அயலார் அலுவலகத்தின் இசைவைத் தனியே பெறவேண்டும். பின்னர், தொழில் தொடங்கிய ஒரு மாதத்திற்குள், 'எல்ஸ்டர்' என்னும் அரசின் இணைய வாயில் வழியாக ஒரு வினாப்படிவத்தை நிரப்பி, 'பினான்ஸ்அம்ட்' எனப்படும் வட்டார வரி அலுவலகத்திற்கு அனுப்புதல் வேண்டும். எழுத்து, கலை, கற்பித்தல், மொழிபெயர்ப்பு போன்ற அறிவுத்தொழில்களுக்கு இப்பதிவே போதும். வாணிகம் நடத்துவோர் நகராட்சியின் தொழிற்பதிவு அலுவலகத்திலும் பதிய வேண்டும்.

புதியவரை மயங்கச் செய்வன எண்கள். முகவரியைப் பதிந்தபின் ஒவ்வொருவர்க்கும் வரும் 11 இலக்க அடையாள எண் ஒன்று. அது வாழ்நாள் முழுதும் மாறாது. வட்டார வரி அலுவலகம் தொழிலுக்கென அளிக்கும் வரி எண் மற்றொன்று. பிற ஐரோப்பிய நாடுகளுடன் கொடுக்கல் வாங்கல் செய்யப் பயன்படும் சேர்ப்பு வரி எண் மூன்றாவது. பட்டியலில் எழுதத் தக்கவை பின்னிரண்டில் ஒன்றே, முதலாவது அன்று.

சேர்ப்பு வரி என்பது யாது? ஜெர்மனியில் 1918-ஆம் ஆண்டு முதல் பொது விற்பனை வரி இருந்துவந்தது. பொருள் கைமாறுந்தோறும் முழு விலைக்கும் வரி விழுந்ததால், வரியின் மேல் வரி ஏறிற்று. இக்குறையை நீக்கும் முறையை 1954-இல் பிரெஞ்சு நாடு தொடங்கிற்று; அதனை வகுத்தவர் மோரீஸ் லோரே என்னும் வரித்துறை அதிகாரி. மேற்கு ஜெர்மனி 1968 சனவரி முதல் நாளில் அதனை மேற்கொண்டது. அன்று பொது விகிதம் நூற்றுக்கு 10, இன்று 19. சிலவற்றிற்குக் குறைந்த விகிதம் 7.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். ஓவியர் ஒருவர் ஒரு நிறுவனத்திற்கு 1,000 யூரோ மதிப்புள்ள வேலை செய்து, 190 யூரோ வரி சேர்த்துப் பட்டியல் தருகிறார். அந்த 190 யூரோவை அவர் அரசுக்குச் செலுத்துவார். நிறுவனமோ அதே பட்டியலைக் காட்டி அத்தொகையைத் தன் வரியிலிருந்து கழித்துக்கொள்ளும். ஆகவே பட்டியல் வெறுங் கணக்குச் சீட்டன்று. அரசின் கருவூலத்தின்மேல் எழுதிய காசோலையை ஒத்தது. அது பற்றிய சட்டம் இத்துணைக் கடுமையாய் இருப்பதன் காரணம் இதுவே.

சிறுதொழிலர்க்கு விலக்கு உண்டு. 2025 முதல், சென்ற ஆண்டு வரவு 25,000 யூரோவைத் தாண்டாமலும் நடப்பாண்டு வரவு 1,00,000 யூரோவைத் தாண்டாமலும் இருப்போர் சேர்ப்பு வரி வாங்க வேண்டுவதில்லை. தொழில் தொடங்கும் ஆண்டிலோ 25,000-மே எல்லை. விலக்குப் பெற்றவர் தாம் வாங்கும் பொருள்களுக்குக் கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ள இயலாது.

இங்கேதான் பலர் இடறுகின்றனர். பிறர் பட்டியலைப் பார்த்து, விலக்குப் பெற்ற ஒருவர் நிறுவனம் ஒன்றிற்கு '19 விழுக்காடு வரி' என்று எழுதிக் கொடுத்துவிட்டால், அத்தொகைக்கு அவர் அரசுக்குக் கடனாளியாகிறார். அவர் வரி செலுத்தக் கடமைப்படாதவர் என்பது அப்பொழுது துணைசெய்யாது. பட்டியலைத் திருத்த வழியுண்டு. ஆயினும் வரி அலுவலகத்தின் இசைவு வேண்டும். ஆதலின் அத்தகையோர், 'சிறுதொழில் விலக்கின்படி வரி இல்லை' என்ற குறிப்பையே எழுத வேண்டும்.

முறையான பட்டியலில் இருபாலாரின் பெயரும் முகவரியும், வரி எண், தேதி, மீண்டும் வாராத வரிசை எண், வேலையின் விவரமும் காலமும், வரிக்கு முன்னைய தொகை, விகிதம், வரித்தொகை ஆகியவை இருத்தல் வேண்டும். 250 யூரோ வரையிலான சிறு பட்டியலுக்குச் சுருக்கம் தகும். பட்டியல்களை 8 ஆண்டுகள் காத்துவைக்க வேண்டும்.

வேலை தருவோர் வெளிநாட்டு நிறுவனமாயின்? பொதுவாக, வேலை பெறுபவரின் நாட்டிலேயே வரி எழும். பாரிஸ் நிறுவனத்திற்கான பட்டியலில் ஜெர்மன் வரி சேராது. இருவரின் சேர்ப்பு வரி எண்களையும், வரிப்பொறுப்பு பெறுபவரைச் சேரும் என்ற குறிப்பையும் எழுத வேண்டும். சிங்கப்பூர், கோலாலம்பூர் நிறுவனங்கட்கும் ஜெர்மன் வரி சேராது.

ஜெர்மனி சிங்கப்பூருடன் 2004-இலும் மலேசியாவுடன் 2010-இலும் செய்துகொண்ட இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தங்களை நம்பி, இவ்வரியும் தீர்ந்தது எனக் கருதலாகாது. அவை வருமானத்தின் மேல் விழும் வரியைப் பற்றியவை. சேர்ப்பு வரியை அவை தொடா.

உழைப்பின் விலையைக் கேட்பது நம் உரிமை. ஆனால் 'வரி' என்ற சொல்லை எழுதியவுடன் நாம் அரசின் பணத்தைக் குறித்து எழுதுகிறோம். முதற் பட்டியலை எழுதுமுன் ஒரு நாழிகை செலவிட்டு, தாம் எவ்வகையினர் என்பதைத் தெளிந்து கொள்வோர் பின்னர் வருந்தார்.