பெயரும் நகலும் நம் கையில் இருக்கட்டும்

நெய்வது ஒரு பாடு. நெய்ததை விற்பது மற்றொரு பாடு. பிள்ளையார்பாளையத்தில் தறி வைத்திருப்போர் யாவரும் இவ்வுண்மையை அனுபவத்தில் அறிந்தவர்களே. முன்பெல்லாம் காஞ்சிக்கு வழிபாட்டிற்கு வருவோர் கடைத்தெருவில் புடவையும் எடுத்துச் சென்றனர். இன்றோ மணப்பெண் சேலத்திலோ சிங்கப்பூரிலோ வீட்டில் இருந்தபடியே கைப்பேசியில் புடவையின் நிறத்தைத் தேர்ந்தெடுக்கிறாள். ஆகவே நம் அங்கத்தினர்களில் சிலரும் சில சங்கங்களும் சொந்தமாக வலைத்தளம் அமைத்துக்கொள்ள முற்பட்டிருக்கின்றனர். இத்துறையில் அடியேன் பெற்ற அனுபவம் பிறருக்கும் பயன்படக்கூடும் என்னும் எண்ணத்தால் இதனை எழுதலானேன்.

வலைத்தளம் என்பது ஆகாயத்தில் தொங்குவதன்று. இரவு பகல் ஓயாது இயங்கும் கணினி ஒன்றில் நம் படங்களும் விவரங்களும் வைக்கப்பட்டிருக்கின்றன. அக்கணினியைச் சர்வர் என்பர். அதில் இடத்தை வாடகைக்கு விடுவதே ஹோஸ்டிங் கம்பெனியின் தொழில். சிறு வாடிக்கைக்காரர்கள் நூற்றுக்கணக்கில் ஒரே சர்வரைப் பகிர்ந்துகொள்வதுண்டு. பொதுச் சாயப்பட்டறையை ஒப்பாகக் கூறலாம். அடுப்பும் தொட்டியும் பொது, செலவு குறைவு. ஆனால் ஒருவர் அளவுக்கு மீறி நூலைக் கொண்டுவந்து இறக்கினால் மற்றவர் வேலை தாமதப்படும். வலைத்தளம் இருக்கும் இடம் ஒன்று. அதன் பெயர் வேறொன்று. டொமைன் எனப்படும் தளப் பெயரை ஆண்டுதோறுமோ சில ஆண்டுகளுக்கு ஒரு முறையோ கட்டணம் செலுத்திப் புதுப்பிக்க வேண்டும். இடம் மனை என்றால், பெயர் அதன் முகவரி. இவ்விரண்டும் வெவ்வேறு என்பதை நான் காலங்கடந்தே கற்றேன்.

2016ஆம் ஆண்டில் எங்கள் வீட்டு நான்கு தறிகளின் புடவைகளைக் காட்டுவதற்கு ஒரு தளம் வேண்டுமென்று தம்பி மகள் வற்புறுத்தினாள். அவள் அப்போது கல்லூரி மாணவி. பெரிய கம்பெனிகளின் விளம்பரங்கள் பல இருந்தும், சென்னையில் மூன்று இளைஞர் நடத்திய சிறு கம்பெனி ஒன்றை அவள் தெரிந்தெடுத்தாள். காரணம் கேட்டேன். “பெரியப்பா, அங்கே போன் செய்தால் முதலாளியே எடுக்கிறார்” என்றாள். அது மெய்தான். படங்கள் பெரியனவாக இருந்ததால் தளம் மெதுவாகத் திறந்தது. அவ்விளைஞர் இரவு பத்து மணிக்கு மேலும் உடனிருந்து அவற்றைச் சுருக்கிக் கொடுத்தார். தை மாத முகூர்த்தங்களுக்கு வெளியூரிலிருந்து ஆர்டர்கள் வந்தன. மகிழ்ந்தோம், அக்கம்பக்கத்தில் நாலு பேருக்கு அக்கம்பெனியைச் சிபாரிசும் செய்தோம்.

இரண்டாண்டுகளில் கம்பெனி வளர்ந்தது. வளர்ச்சி நல்லதே. ஆனால் போன் செய்தால் முதலாளியின் குரல் வருவது நின்று, கோரிக்கை எண் ஒன்று வரத் தொடங்கியது. மாலை வேளைகளில் தளம் தயங்கித் திறந்தது. வாடிக்கை பெருகும்போது ஹோஸ்டிங் கம்பெனிக்கு இரு வழிகள் உண்டு: புதிய சர்வரும் கூடுதல் ஆளும் சேர்ப்பது ஒன்று, இருக்கும் சர்வரிலேயே மேலும் மேலும் வாடிக்கைக்காரரை ஏற்றுவது மற்றொன்று. முதல் வழிக்கு முதலீடு வேண்டும். இரண்டாவது வழி சில காலம் லாபமாகத் தோன்றும்.

2019ஆம் ஆண்டு ஆடி மாதம். ஆவணி முகூர்த்தங்களுக்கான ஆர்டர்கள் வந்துகொண்டிருந்தன. ஒரு வியாழன் இரவு எங்கள் தளம் மறைந்தது. கடிதங்கள் வரும் மின்னஞ்சலும் அதே இடத்தில் இருந்ததால் அதுவும் போயிற்று. சர்வரின் வட்டு பழுதடைந்துவிட்டது. மூன்று நாள் கழித்துத் தளம் திரும்பியபோது, அவர்களிடம் இருந்த கடைசி நகல் முப்பத்தாறு நாள் பழையது என்று தெரிந்தது. அந்நாட்களில் வந்த ஆர்டர்கள் ஐந்து.

அவற்றில் நான்கு பிழைத்தன. எப்படியெனில், தம்பி மனைவி எந்த ஆர்டர் வந்தாலும் தறியருகே தொங்கும் நோட்டில் எழுதி வைப்பது வழக்கம்: உடல் மயில்கழுத்து, கரை அரக்கு, முகூர்த்த நாள் இன்னது, வீட்டார் பெயர் இன்னது. ஐந்தாவது ஆர்டர் அன்று மாலைதான் வந்தது. தம்பி மகள் அதைக் கைப்பேசியில் பார்த்தாள். காலையில் எழுதிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள். அது யாருடையது என்பது இன்றளவும் எங்களுக்குத் தெரியாது. பணம் வாங்கவில்லை என்பது உண்மையே. எனினும் எங்கோ ஒரு வீட்டில் ஒரு புடவைக்காகக் காத்திருந்திருப்பார்கள்; காஞ்சி நெசவாளர் வாக்குத் தவறினர் என்று நினைத்திருப்பார்கள். இதை எண்ணும்போதெல்லாம் மனம் கூசுகிறது.

மூன்றாம் நாள் முதலாளியே பேசினார். “ஐயா, தவறு எங்களுடையது. வேலை பெருகியதில் தினமும் நகல் எடுப்பதைக் கவனிக்காமல் விட்டோம். வருட வாடகையைத் திருப்பித் தருகிறேன்” என்றார். “தம்பி, வாடகை இருக்கட்டும். எங்கள் தளத்தின் பெயர் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது?” என்று கேட்டேன். சற்று மௌனம். கம்பெனியின் பெயரில்தான் இருந்தது! அதாவது, நாங்கள் விலக நினைத்திருந்தால் மூன்றாண்டு பழகிய முகவரியை விட்டுவிட்டே போக நேர்ந்திருக்கும். அவர் தர்க்கம் செய்யவில்லை. இரண்டு நாளில் பதிவை எங்கள் பெயருக்கு மாற்றி, கடவுச்சொல்லையும் ஒப்படைத்தார். விலகுவதற்கு வழி கொடுத்தவரிடமிருந்து விலக எங்களுக்கு மனம் வரவில்லை. இன்றும் அவரிடமே இருக்கிறோம். ஆனால் பழைய குருட்டு நம்பிக்கையில் அன்று.

இத்தகைய இடர் சிறிய கம்பெனிக்கே உரியது என்று கருதுவது பிழை. பிரான்ஸின் வடபகுதியில் ரூபே என்றொரு நகர் உண்டு. நம் காஞ்சியைப் போலவே துணியால் பெயர் பெற்றது; கம்பளி ஆலைகள் அதன் வாழ்வாக இருந்தன. ஆலைகள் நலிந்த பின், 1999ஆம் ஆண்டில் ஒக்தாவ் கிளாபா என்னும் இளைஞர் குடும்பத்தார் துணையுடன் ஓ.வி.எச். என்னும் ஹோஸ்டிங் கம்பெனியைத் தொடங்கினார். ரூபேயைத் தலைமையிடமாகக் கொண்ட அந்தச் சிறு முயற்சி ஐரோப்பாவின் மிகப் பெரிய கம்பெனிகளுள் ஒன்றாக வளர்ந்தது. 2021 மார்ச் 10ஆம் தேதி, ஸ்ட்ராஸ்பூர் நகரில் அதன் சர்வர்கள் இருந்த வளாகத்தில் தீப்பிடித்தது. ஒரு கட்டடம் முற்றிலும் எரிந்தது; மற்றொன்றின் ஒரு பகுதியும் அழிந்தது. உயிர்ச்சேதம் இல்லை. ஆயினும் எண்ணற்ற தளங்கள் ஒரே இரவில் மறைந்தன. வேறிடத்தில் நகல் வைத்திருந்தவர் மீண்டனர். வைக்காதவர் பலர் அனைத்தையும் இழந்தனர். நகலுக்கென்று தனிக் கட்டணம் செலுத்தியும் இழந்தவர்கள் உண்டு. அந்நகல் அதே வளாகத்தில் வைக்கப்பட்டிருந்ததே காரணம். அத்தகைய வாடிக்கைக்காரர் ஒருவருக்கு நஷ்டஈடு வழங்குமாறு 2023இல் பிரெஞ்சு வணிக நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நஷ்டஈடு வரலாம், எரிந்த கணக்கு வருமா?

இதற்குக் கூட்டுறவாளர் கூறும் மாற்று என்ன? வாடிக்கைக்காரனே உடைமையாளனாக இருப்பின் அவன் நலன் புறக்கணிக்கப்படாது என்பதே நம் இயக்கத்தின் மூலக் கருத்து. 1844இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நெசவாளர் உள்ளிட்ட எளிய தொழிலாளர் கடை திறந்தது இக்கருத்தின்மீதே. 1904இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் நுகர்வோர் சங்கம் பிறந்ததும் அவ்வழியிலே. அதே 1904ஆம் ஆண்டு அக்டோபரில், இந்தியாவின் முதல் நகர்ப்புறக் கூட்டுறவுக் கடன் சங்கம் நம் காஞ்சிபுரத்தில்தான் பதிவாயிற்று என்பதை நாம் பெருமையுடன் நினைவுகூரலாம். இன்று ஜெர்மனியின் ஹோஸ்ட்ஷேரிங், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரிலுள்ள வெப்ஆர்க்கிடெக்ட்ஸ் முதலிய ஸ்தாபனங்கள், வாடிக்கைக்காரர்கள் அங்கத்தினராகவும் சேரக்கூடிய கூட்டுறவுகளாகவே ஹோஸ்டிங் நடத்துகின்றன. 2000ஆம் ஆண்டில் இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு தேர்ந்தெடுத்த ஏழு புதிய பெயர் ஈறுகளுள் கூட்டுறவுகளுக்கென்றே அமைந்த ‘.கூப்’ ஒன்றாகும். நெசவாளரும் விவசாயிகளும் பல சங்கங்களாகச் சேர்ந்து ஒரு நாள் இப்பணியை மேற்கொள்ளுதல் கூடாததன்று.

அந்நாள் வருமளவும் ஒவ்வொரு அங்கத்தினரும் ஒவ்வொரு சங்கமும் செய்யத்தக்கவை சில.

முதலாவது, தளப் பெயர் சங்கத்தின் பெயரிலேயே பதிவாக வேண்டும். கம்பெனியின் பெயரிலோ, தளம் அமைத்துக் கொடுத்த நண்பரின் பெயரிலோ அன்று. காலாவதியாகும் தேதியை நிர்வாகக் குழுவின் குறிப்பேட்டில் எழுதி வைக்க வேண்டும். புதுப்பிக்காது விட்ட பெயரைப் பிறர் எடுத்துக்கொள்ளலாம். காஞ்சிபுரம் பட்டு என்னும் பெயருக்குப் புவிசார் குறியீடு பெற்றுக் காத்து வரும் நாம், இச்சிறு பெயரை நழுவ விடுதல் தகாது.

இரண்டாவது, மூன்று நகல்கள் இருக்கட்டும்; அவை இருவகைச் சாதனங்களில் இருக்கட்டும்; ஒன்றேனும் வேறு ஊரில் இருக்கட்டும். மாதம் ஒரு முறை நகலைத் திறந்து பார்க்கவும் வேண்டும். திறந்து பாராத நகல், அளந்து பாராத நெல்லைப் போன்றது.

மூன்றாவது, பணம் கட்டுமுன் கம்பெனியாரிடம் கேளுங்கள்: நகல் எத்தனை நாளுக்கு ஒரு முறை எடுக்கப்படுகிறது? எங்கே வைக்கப்படுகிறது? நாங்கள் விலக விரும்பினால் எங்கள் பொருளை எவ்விதம் ஒப்படைப்பீர்கள்? விடை எழுத்தில் வரட்டும்.

நான்காவது, மின்னஞ்சலைத் தளத்துடன் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். ஒன்று வீழ்ந்தால் மற்றொன்றின் வழியாகவேனும் வாடிக்கைக்காரருடன் பேச முடியும்.

சிறு கம்பெனியை ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்தன்று. நாமும் சிறு தறிக்காரர்களே. பெரிய ஆலையை விட்டு நம்மை நாடி வருவோரால்தான் நாம் வாழ்கிறோம். வளரும் இளைஞர்க்கு ஆதரவளிப்பது நம் கடமை. ஆனால் பாவு நூலைப் பிறரிடம் வாங்கினாலும், கணக்கை நாமே எழுதுவதில்லையா? அவ்வாறே இதிலும் செய்வோம். இப்போது எங்கள் வீட்டில், ஆர்டர் வந்த உடனே அந்த நோட்டில் எழுதப்படுகிறது. மறுநாள் காலைக்கென்று எதுவும் நிறுத்தி வைக்கப்படுவதில்லை.