கடலடிப் பித்தளையும் பளபளப்பின் கருத்துநிலையும்

பித்தளை ஒளிரவேண்டும் என்பது எமது வீடுகளில் நெடுங்காலமாக நிலைபெற்ற எதிர்பார்ப்பாகும். தைப்பொங்கலுக்கும் விளக்கீட்டுக்கும் முன்னர் குத்துவிளக்கைப் புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கும் பெண்களின் உழைப்பே அவ்வொளியைத் தருகின்றது. புளியிலுள்ள தாத்தாரிக்கமிலம் மேற்பரப்பின் ஒட்சைட்டைக் கரைக்க, சாம்பல் அதனை உராய்ந்து அகற்றுகின்றது. ஒவ்வொரு தடவையும் சிறிதளவு உலோகமும் உடன்செல்கின்றது எனினும், பயன்பாட்டிலுள்ள விளக்கைப் பொறுத்தவரை அது பொருட்படுத்தத்தக்க இழப்பன்று. இதே எதிர்பார்ப்பைப் பல நூற்றாண்டுகள் கடலடியிற் கிடந்து மீட்கப்பட்ட பொருளின்மீது சுமத்துவதால் விளையும் கேட்டினையே இங்கு நாம் ஆராய முற்படுகின்றோம்.

பித்தளை செம்பும் நாகமும் சேர்ந்த கலவை. உவர்நீரில் நாகம் முந்திக்கொண்டு வெளியேற, எஞ்சுவது கடற்பஞ்சு போன்று நுண்டுளைகள் மலிந்த செம்பாகும். பார்வைக்கு உருவம் மாறாதிருப்பினும் பொருளின் வலிமை குன்றிவிடுகின்றது. ஒட்சிசன் அருகிய சேற்றில் சல்பேற்றைத் தாழ்த்தும் பற்றீரியாக்கள் கரிய சல்பைட்டுப் படலத்தைத் தோற்றுவிக்கின்றன. இவற்றின்மேல் கல்சியங் காபனேற்று ஓடாகப் படிகின்றது. ஆபத்தானது யாதெனில், உள்ளே தங்கும் செப்புக் குளோரைட்டு ஆகும். பொருள் கரையேறிக் காற்றும் ஈரமும் பட்டதும் அது மீண்டும் தொழிற்பட்டு, வெளிர்பச்சைத் தூளாக உலோகத்தை அரித்துக்கொண்டே செல்லும். வெண்கலநோய் எனத் தொல்லியலார் இதனைக் குறிப்பிடுவர். பித்தளையும் அதற்கு விலக்கன்று.

ஆகவே, பழமையின் பெயரால் எதனையும் தீண்டலாகாது என்போரின் வாதமும் எமக்கு ஏற்புடையதன்று. அது பளபளப்பு மோகத்தின் மறுபுறமேயாகும். செய்யவேண்டியது முதலிற் பொருளை உலரவிடாது நீரில் வைத்தல். பின் ஓட்டினைச் சிறு கத்தியாற் பொறுமையுடன் நீக்குதல். அடுத்து மென்காரக் கரைசலில், பெரும்பாலும் சோடியம் செசுக்குவிகாபனேற்றின் 5 சதவீதக் கரைசலில், ஊறவைத்துக் குளோரைட்டின் அளவு தாழும்வரை கரைசலை மாற்றிக்கொண்டிருத்தல். இதற்கு மாதங்கள் செல்லும். சிலவேளை ஆண்டுகளும் செல்லும். அதன்பின் அசற்றோனால் ஈரம் அகற்றி, பென்சோதிரையசோலில் தோய்த்து, அக்கிரிலிக்குப் பூச்சால் மூடுவர். அவசரக்காரர் நாடும் ஐதரோக்குளோரிக்கமிலமோ நாகத்தை மேலும் கவர்ந்து, மேற்பரப்பை இளஞ்சிவப்பாக்கி விடுகின்றது. அதன்மேல் உராய்வுச் சக்கரம் ஓடினால் பொன்னிறம் திரும்பலாம். ஆனால் பொறிப்பும், வார்ப்புத் தடமும், கைக்கருவியின் கீறலும் திரும்பா.

இவ்விழப்பின் பரிமாணத்தை ஓர் உதாரணத்தால் உணரலாம். 1503ஆம் ஆண்டு மே மாதத்தில் ஓமான் கரைக்கப்பால் அல் அல்லானியாத் தீவருகே வின்சென்ரே சொத்ரேயின் எஸ்மெரால்டா புயலில் அழிந்தது. வாஸ்கோட காமாவின் இரண்டாவது பயணத்தைச் சேர்ந்த கப்பல் அது. கொச்சியிலும் கண்ணனூரிலும் இருந்த போர்த்துக்கேயப் பண்டகசாலைகளைக் காக்கவென நிறுத்தப்பட்ட சொத்ரே சகோதரர், அவற்றை விட்டு ஏடன் வளைகுடாப் பக்கமாக அராபிய வணிகக் கப்பல்களைக் கொள்ளையிடச் சென்றிருந்தனர். அச்சிதைவினின்று 2014இல் மீட்கப்பட்ட செப்புக் கலவைத் தட்டொன்று 17.5 சதமமீற்றர் விட்டமுடையது. தடிப்பு 2 மில்லிமீற்றருக்கும் குறைவானது. போர்த்துக்கேய அரச இலச்சினை அதிற் கண்ணுக்குத் தெரிந்தது. அது எதற்குப் பயன்பட்டது என்பதோ தெளிவாகவில்லை. 2016இல் வாரிக் பல்கலைக்கழகத்தினர் லேசர்க் கதிரால் மேற்பரப்பை அளந்தபோதுதான், 5 பாகைக்கு ஒன்றாக இடப்பட்ட கோடுகள் வெளிப்பட்டன. கதிரவனின் உயரத்தை அளந்து அகலக்கோட்டை அறியும் மாலுமிக் கருவி அதுவென உறுதிப்பட்டது. மன்னனின் சின்னம் புடைத்து நிற்க, தொழிலாளி வகுத்த அளவுகோடுகள் அரிப்பின் அடியில் மறைந்திருந்தமை மனங்கொளத்தக்கது. இத்தட்டினை எவரேனும் தேய்த்துப் பொலிவாக்கியிருப்பின் எஞ்சியிருக்கக்கூடியது அச்சின்னமே.

பண்டம் தன்னை ஆக்கிய உழைப்பை மறைத்துச் சந்தையில் நிற்கும் என்பது மார்க்ஸ் காட்டிய உண்மை. கடலடிப் பித்தளையைப் பளபளக்கச் செய்து விற்பவன் அம்மறைப்பை இரண்டாந் தடவையாக நிகழ்த்துகின்றான். மேற்கு ஆபிரிக்காவில் மனிதரையும் யானைத் தந்தத்தையும் வாங்கப் போர்த்துக்கேயர் கொண்டுசென்ற 'மனிலா' என்னும் வளையங்கள் அலங்காரப் பொருள்களாக இன்று விலைபோகின்றன. கப்பற் சிதைவுகளிலும் நிலத்திலும் கிடைத்த 67 மனிலாக்களின் ஈயச் சமதானிகளையும் சுவட்டுத் தனிமங்களையும் ஆராய்ந்து 2023இல் வெளியான ஆய்வு, பெனின் நாட்டுக் கலைஞரின் புகழ்பெற்ற வார்ப்புக்களுக்கு உதவிய உலோகத்தின் முதன்மையான ஊற்று ஜேர்மனியின் ரைன் நிலப்பகுதி எனக் காட்டியது. ரைன் சுரங்கத் தொழிலாளியும், விற்கப்பட்ட ஆபிரிக்கனும், பெனின் வார்ப்பாளனும் ஒரே உலோகத்தால் இணைக்கப்பட்டிருந்தனர். மனிலாவை மினுக்குபவனுக்கு இவ்வுறவில் அக்கறை இராது. அவன் நோக்குவது அதன் நிறத்தையே.

உப்பகற்றும் தொட்டிக்கு ஆண்டுக்கணக்கில் நீரும் ஆளும் வேண்டும். துலக்குவதற்கோ ஒரு பிற்பகல் போதும். ஏழை நாடுகளின் நூதனசாலைகள் எதிர்நோக்கும் நெருக்கடி இதுவே. எமது நாட்டில் 1659இல் காலித் துறைமுகத்தில் அமிழ்ந்த ஒல்லாந்தரின் அவொன்ஸ்டர் கப்பலின் அகழ்வு 2001இல் தொடங்கியபோது, மீட்கப்படுவனவற்றைப் பேணும் ஆய்வுகூடமும் அங்கு நிறுவப்பட்டது. 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆந் திகதிய ஆழிப்பேரலை அவ்வாய்வுகூடத்தை அழித்தபோது, அங்கு பேணப்பட்டவற்றுட் பல மீண்டும் கடலைச் சேர்ந்தன.