இணைய முகவரியைப் படிப்போம்

கடிதத்தின் மேல் விலாசம் எழுதுகிறோம். முதலில் ஆளின் பெயர். பிறகு தெரு, ஊர், மாவட்டம். கடைசியில் பின்கோடு. கடிதங்களைப் பிரிக்கும் தபால் ஊழியர் முதலில் எதைப் பார்ப்பார்? கடைசியில் உள்ள பின்கோடைத்தான்.

இணையதளத்துக்கும் விலாசம் உண்டு. அதையும் கடைசியிலிருந்துதான் படிக்க வேண்டும்.

பி.எம். கிசான் திட்டத்தில் விவசாயக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6000 ரூபாய் கிடைக்கிறது. மூன்று தவணையாக வரும். அந்தத் திட்டத்தின் இணைய முகவரி 'பிஎம்கிசான்.கவ்.இன்'. இது ஆங்கில எழுத்தில் இருக்கும்.

கடைசியில் உள்ள 'இன்' என்பது இந்தியா. 'கவ்' என்பது அரசு. 'கவ்.இன்' என்று முடியும் முகவரி அரசு அமைப்புகளுக்கு மட்டுமே தரப்படும். 'காம்' என்று முடியும் முகவரி அப்படி அல்ல. பணம் கட்டினால் யாரும் வாங்கலாம்.

இங்கேதான் ஏமாற்றுக்காரர் நுழைகிறார். "உங்கள் தவணை நின்றுவிட்டது. உடனே இதைத் தொடுங்கள்" என்று செல்பேசியில் செய்தி வருகிறது. கீழே ஒரு முகவரி:

பிஎம்கிசான்.கவ்.இன்.தவணை.காம்

பார்த்தால் அரசு முகவரி போலவே இருக்கிறது. கடைசியிலிருந்து படியுங்கள். 'தவணை.காம்' என்று முடிகிறது. இது அரசு முகவரி அல்ல. முன்னால் உள்ள பெயர்களை அவர் தம் இஷ்டம்போல் சேர்த்துக்கொண்டார். வீட்டு வாசலில் 'கலெக்டர் ஆபீஸ்' என்று பலகை மாட்டினால், வீடு கலெக்டர் ஆபீஸ் ஆகிவிடுமா?

சில முகவரிகள் நீளமாக இருக்கும். தொடக்கத்தில் 'எச்டிடிபிஎஸ்' என்ற எழுத்துகளும் இரண்டு சாய்கோடுகளும் வரும். அவற்றைத் தாண்டுங்கள். அடுத்து வரும் சாய்கோடு வரைதான் பெயர். அதற்குப் பின்னால் இருப்பது அந்தத் தளத்தின் உள்ளே இருக்கும் பக்கம். அங்கே 'கவ்.இன்' என்று எழுதியிருந்தாலும் பயன் இல்லை.

எச்டிடிபிஎஸ் இருந்தால் நல்ல தளம் என்று பலர் நம்புகிறார்கள். அது ஒட்டிய உறை போன்றது. வழியில் யாரும் பிரித்துப் படிக்க முடியாது. ஆனால், திருடனும் உறையை ஒட்டி அனுப்பலாம் அல்லவா?

வங்கிகளுக்கும் தனி முடிவு வந்திருக்கிறது. எல்லா வங்கிகளும் 'பேங்க்.இன்' என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று 2025இல் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது.

தவறான முகவரியைத் தொட்டுப் பணம் போய்விட்டதா? தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். சீக்கிரம் சொன்னால், பணம் கைமாறும் முன் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு. வங்கிக்கும் உடனே சொல்லுங்கள்.