ஏற்றதொரு லினக்ஸ்

கணிப்பொறியின் உறுப்புகள் தாமே இயங்கமாட்டா. விசைப்பலகையில் தட்டிய எழுத்தைத் திரையில் காட்டுதல், கோப்புகளைக் காத்தல் முதலிய செயல்களை ஒழுங்குற நடத்த ஓர் இயங்குதளம் வேண்டும். கணிப்பொறியை வாங்கும்பொழுது உடன்வந்த இயங்குதளத்தையே பலர் இறுதிவரை பயன்படுத்துவர். வேறொன்றைத் தேர்ந்துகொள்ளும் உரிமை தமக்கு உண்டு என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் பயின்ற லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் மாணவர், 1991ஆம் ஆண்டில், தமது 21ஆம் வயதில் லினக்ஸ் என்னும் கருநிரலை வெளியிட்டார். அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டால்மன் 1983இல் அறிவித்த குனூ திட்டத்தினர் அதற்கு முன்பே பல மென்பொருட் கருவிகளை ஆக்கி வைத்திருந்தனர். இவ்விரண்டும் இணைந்து முழுமையான இயங்குதளம் ஆயிற்று. இதனை யாவரும் பயன்படுத்தலாம், ஆராயலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம்.

அரிசி ஒன்றேயாயினும் சோறும் பொங்கலும் இட்டிலியும் வெவ்வேறு சுவையின அல்லவா? அதுபோலக் கருநிரல் ஒன்றேயாயினும், அதனோடு சேர்க்கும் கருவிகளும் திரைத் தோற்றமும் வேறுபடுதலின் பல வகை லினக்ஸ்கள் தோன்றின. இவற்றை ‘வழங்கல்கள்’ என்பர்.

1993இல் தோன்றிய டெபியன் உறுதிக்குப் பெயர் பெற்றது. நன்கு சோதித்த பின்னரே, ஏறத்தாழ ஈராண்டுக்கு ஒருமுறை அதன் புதுப்பதிப்பு வெளிவரும். டெபியனை அடிப்படையாகக் கொண்டு 2004இல் எழுந்த உபுண்டு, புதியவரும் எளிதில் நிறுவிக்கொள்ளத் தக்கது. உபுண்டுவின் வழிவந்த லினக்ஸ் மின்ட், விண்டோசில் பழகியவர்க்கு அயன்மை தோன்றாத திரையமைப்பு உடையது. சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனத்தார் இந்திய மொழிகளைக் கருத்திற்கொண்டு பாஸ் லினக்ஸை ஆக்கினர். 2002இல் பிறந்த ஆர்ச், ஒவ்வொன்றையும் பயன்படுத்துவோரே அமைத்துக்கொள்ளும்படி விடுவது. கற்கும் ஆர்வமும் ஓய்வும் உடையார்க்கே அது பொருந்தும்.

இவற்றுள் எது சிறந்தது என்று வினவுதலினும், எது நமக்கு ஏற்றது என்று வினவுதலே முறை. பயன்படுத்துவோர் யார்? செய்யவேண்டிய பணி யாது? கணிப்பொறியின் ஆற்றல் எத்துணை? கட்டுரை எழுதவும் கணக்குப் பார்க்கவும் மட்டுமே கணிப்பொறி வேண்டுவோர் நாள்தோறும் மாறும் வழங்கலை நாடுதல் வீண் தொல்லையாம். சில தொழில்களுக்குரிய மென்பொருள்கள் லினக்ஸில் இயங்கா; ஆதலின் அதனையும் முன்னரே அறிந்துகொள்ளல் வேண்டும்.

விண்டோஸ் 10க்கு உரிய பொதுப் பராமரிப்பு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றது. அதற்கு அடுத்த பதிப்பை ஏற்கும் தகுதியற்ற பழைய கணிப்பொறிகள் பல. எனினும், அவை பழுதுற்றவை அல்ல. எக்ஸ்எப்சிஇ போன்ற எளிய திரையமைப்போடு கூடிய வழங்கலை நிறுவினால், அவற்றுட் பல மேலும் சில ஆண்டுகள் உழைக்கும். புதியது வாங்கப் பொருளில்லாத குடும்பத்து மாணவனுக்கு இஃது எத்துணைப் பேருதவி!

தேர்ந்தெடுக்குமுன் சோதித்துப் பார்க்கவும் வழியுண்டு. வழங்கலைப் பென் டிரைவ் ஒன்றில் பதிந்து, அதிலிருந்தே கணிப்பொறியை இயக்கலாம். உள்ளிருக்கும் கோப்புகளுக்கு ஊறு நேராது. இணைய இணைப்புக் கிடைக்கின்றதா, ஒலி கேட்கின்றதா, அச்சுப்பொறி இயங்குகின்றதா, தமிழில் தட்டெழுத முடிகின்றதா என அப்பொழுதே பார்த்துக்கொள்ளல் நலம். நிறுவ முடிவுசெய்த பின்னர், கோப்புகளுக்கு வேறோரிடத்தில் படியெடுத்து வைத்தல் இன்றியமையாதது.

பிறர் புகழ்வது கொண்டு நாளுக்கொரு வழங்கலை மாற்றுவோர் எதனையும் முழுதுறக் கல்லார். தம் தேவையை ஆராய்ந்து ஒன்றைத் தேர்ந்து, அதில் நன்கு பழகுவோர்க்கே கருவி கைவசப்படும். கருவிக்கு ஏற்ப மனிதர் வளையாமல், தமக்கேற்ற கருவியைத் தாமே தெரிந்துகொள்ளும் அறிவே லினக்ஸ் தரும் பெரும்பயன் ஆகும்.