எல்லாத்துக்கும் ‘யெஸ் சார்’!

‘டு யூ ஹேவ் எனி ப்ராப்ளம்?’

‘யெஸ் சார்!’

‘வாட் இஸ் த ப்ராப்ளம்?’

‘யெஸ் சார்!’

சிரிக்காதீர்கள். இது சினிமா காமெடி இல்லை. காரைக்குடியில் ஒரு தனியார் கம்பெனியின் கணக்குப் பிரிவில் பதினோரு வருஷமாகக் குப்பை கொட்டும் அடியேனின் சொந்தக் கதை. மும்பை தலைமை ஆபீஸிலிருந்து வீடியோ மீட்டிங். பெரிய அதிகாரி கேட்டார், நான் சொன்னேன். அவ்வளவுதான். மூன்று மாசம் கழித்து வந்த பிரமோஷன், என்னைவிட ஆறு வருஷம் ஜூனியரான ஒரு தம்பிக்குப் போனது. அவனுக்கு டேலி சொல்லிக்கொடுத்ததே நான்தான்!

எனக்கு இங்கிலீஷ் தெரியாதா என்ன? பி.காம். பாஸ். பேலன்ஸ் ஷீட் முழுக்க இங்கிலீஷ்தானே! லீவ் லெட்டர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவேன். ‘ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்’... தமிழ்நாட்டில் இந்த வரியை எழுதாத கை உண்டா? ஆனால் எதிரில் ஒருத்தர் நின்று கேட்டால் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொள்ளும்.

காரணத்தை யோசித்துப் பார்த்தேன். மொழி என்றால் கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் என்று நாலு படி. குழந்தை இந்த வரிசையில்தான் தாய்மொழி கற்கிறது. நாம் தலைகீழ்! முதல் நாளே சிலேட்டில் எழுதினோம். அப்புறம் கோரஸாகப் படித்தோம். கேட்கவும் இல்லை, பேசவும் இல்லை. வாயைத் திறந்த ஒரே ஒரு நாள் வகுப்பே சிரித்தது. அதோடு மூடிய வாய்தான்.

பீஸா, ஃபீஸா?

என் அண்ணன் மகள் ப்ளஸ் ஒன் படிக்கிறாள். அரசுப் பள்ளிதான். 2018-லிருந்து வந்த புதிய பாடப்புத்தகங்களைப் பார்த்திருப்பீர்கள். ஆங்காங்கே கறுப்பு வெள்ளைக் கட்டம் அச்சிட்டிருக்கும். கியூ.ஆர். கோடு. செல்போனைக் காட்டினால் பாடம் வீடியோவாக ஓடும். 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி வேறு வந்தது. அதற்கு முன்பே, 2011-லிருந்து ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு அரசு இலவச லேப்டாப் கொடுத்ததும் தெரியும். அப்படி அண்ணன் மகனுக்கு வந்த லேப்டாப் எங்கள் வீட்டில் பல வருஷம் பாட்டு கேட்கத்தான் பயன்பட்டது. பெட்டி வந்தால் போதுமா, திறக்க ஆள் வேண்டாமா?

ஒரு நாள் சாயங்காலம் திண்ணையில் சோகமாக உட்கார்ந்திருந்த என்னிடம் அந்தப் பெண் செல்போனை நீட்டினாள்.

“சித்தப்பா, இந்த மைக்கை அமுக்கிட்டு இங்கிலீஷ்ல எதையாவது சொல்லுங்க. நீங்க சொல்றதை அது எழுதும்.”

‘ஸ்கூல் ஃபீஸ்’ என்றேன். அதாவது, அப்படிச் சொன்னதாக நினைத்தேன். போன் ‘ஸ்கூல் பீஸ்’ என்று எழுதியது. பீஸ் என்றால் அமைதி! ஃபீஸ் கட்டச் சொல்லும் ஸ்கூலில் அமைதி எங்கே இருக்கிறது?

‘வெஸ்ட்’ என்றேன், மேற்குத் திசையை நினைத்து. அது பனியனை எழுதியது. மேற்கும் ‘வெஸ்ட்’, பனியனும் ‘வெஸ்ட்’. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். இங்கிலீஷில் வேறு வேறு எழுத்து, வேறு வேறு ஒலி. மேற்குக்கு உதட்டை விசில் அடிக்கிற மாதிரி குவிக்க வேண்டும். பனியனுக்கு மேல் பல் கீழ் உதட்டைத் தொட வேண்டும். ஃபீஸுக்கும் அதே பல், அதே உதடு. உதடு இரண்டும் ஒட்டினால் அது பீஸ். பி.காம். வரை படித்த எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. ஒரு செல்போன் சொன்னது!

அன்றைக்கு ஃபீஸ் கட்டி முடிக்க இருபத்தேழு தடவை ஆனது. இருபத்தாறு தடவையும் அந்தப் போன் சிரிக்கவில்லை. ‘இது கூடத் தெரியாதா?’ என்று புருவம் தூக்கவில்லை. எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் பட்டது.

ஹைதராபாத்தில் நடந்தது

இது என் கண்டுபிடிப்பு இல்லை. சுகதா மித்ரா என்றொரு விஞ்ஞானி. 1999-ல் டெல்லி கல்காஜியில், குடிசைப் பகுதியை ஒட்டிய சுவரில் ஓட்டை போட்டு ஒரு கம்ப்யூட்டரைப் பொருத்தி, பிள்ளைகள் தாங்களாகவே அதை இயக்கக் கற்றுக்கொண்டதைக் காட்டியவர். அவரும் நண்பர்களும் அடுத்ததாக ஹைதராபாத்தில் ஒரு சோதனை செய்தார்கள். நாம் பேசுவதை எழுத்தாக்கும் சாஃப்ட்வேரைச் சில பிள்ளைகளிடம் கொடுத்தார்கள். பிள்ளைகள் பேசியது தெலுங்கு வாடை அடிக்கும் இங்கிலீஷ். முதலில் கம்ப்யூட்டர் கன்னாபின்னா என்று எழுதியது. வாத்தியார் கிடையாது. ‘கம்ப்யூட்டருக்குப் புரியும்படி பேசுங்கள்’ என்பது ஒன்றுதான் கட்டளை. சில மாதங்களில் உச்சரிப்பு நன்றாகவே தேறியது என்று 2003-ல் கட்டுரை வெளியிட்டார்கள்.

நம்ம பக்கத்துக் கதை ஒன்றும் உண்டு. புதுச்சேரிக்குப் பக்கம் கலிக்குப்பம். அங்கே தமிழ் மட்டுமே தெரிந்த பிள்ளைகளிடம், உயிரித் தொழில்நுட்பப் பாடத்தை இங்கிலீஷில் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார் மித்ரா. தாங்களாகவே படித்து சுமார் 30 மார்க் வரை வந்தார்கள். அதற்கு மேல் நகரவில்லை. அப்புறம் ஓர் இளம்பெண்ணைத் துணைக்கு வைத்தார். அந்தப் பெண்ணுக்கு அந்தப் பாடம் தெரியாது. செய்தது ஒன்றே ஒன்று: பின்னால் நின்று, ‘அடேயப்பா, இது எப்படிச் செஞ்சீங்க? இன்னொரு தடவை காட்டுங்க’ என்று பாட்டி மாதிரி வியந்தது. மார்க் சுமார் 50-க்கு ஏறியது!

மித்ராவை விமர்சிக்கிறவர்களும் உண்டு. சும்மா விட்டால் பல இடங்களில் கம்ப்யூட்டர் விளையாட்டுப் பெட்டியாகிவிடும் என்பார்கள். எங்கள் வீட்டு லேப்டாப்பே சாட்சி. இயந்திரம் கூச்சத்தைப் போக்கும். பின்னால் நிற்க ஓர் ஆள் வேண்டும்.

ஆச்சி நடத்திய வகுப்பு

எனக்கு அந்த ஆள் கிடைத்தார். பக்கத்து வீட்டு ஆச்சி. வயது எண்பத்தைந்துக்கு மேல். இங்கிலீஷில் ஏ, பி, சி தெரியாது. நானும் அண்ணன் மகளும் தினம் கால் மணி நேரம் திண்ணையில் இங்கிலீஷில் பேசுவதைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டார்.

“என்ன தம்பி, வெள்ளக்காரன் கணக்காப் பேசுறீக!”

“தப்புத் தப்பாப் பேசுறேன் ஆச்சி. வெட்கமா இருக்கு.”

“இதுக்கு என்னப்பா வெட்கம்? எங்க அப்பச்சி பர்மாவுக்குப் பெட்டியடிப் பையனாப் போனாக. மீசை முளைக்காத வயசு. பர்மாப் பாஷையை எந்தப் புத்தகத்துல படிச்சாக? கடைக்கு வந்தவன்கிட்ட தப்புத் தப்பாப் பேசித்தான் படிச்சாக. நாலு காசு புழங்குற இடத்துல வெட்கப்பட்டா வட்டி வருமா?”

சுருக்கென்று பட்டது. கடல் தாண்டிப் போய், கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஊர் பாஷையைக் காதால் பிடித்தவர்கள் வாழ்ந்த ஊர் இது. இங்கே நான் ஒரு வீடியோ மீட்டிங்குக்குப் பயந்து கிடந்தேன்!

நீங்களும் செய்யலாம்

காசு செலவில்லாத வழிகள்தான். ஆபீஸ் நண்பர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

கேட்க: இங்கிலீஷ் செய்தியை யூடியூபில் வேகத்தை முக்கால் ஆக்கிக் கேளுங்கள். முதல் தடவை எழுத்து இல்லாமல், இரண்டாம் தடவை எழுத்தோடு.

பேச: போனின் குரல் தட்டச்சில் மொழியை ‘இங்கிலீஷ் - இந்தியா’ என்று வையுங்கள். லண்டன்காரன் மாதிரி பேச வேண்டிய அவசியம் இல்லை. ஒன்று ஞாபகம் இருக்கட்டும். முழு வாக்கியம் சொன்னால், முன்பின் வார்த்தையை வைத்து ஊகித்து அதுவே சரிசெய்துவிடும். உங்கள் தப்பு வெளியே தெரியாது. தனி வார்த்தையாகச் சொல்லிப் பாருங்கள், குட்டு உடையும்.

படிக்க: தினம் ஒரு பக்கம், வாய்விட்டு. உங்கள் குரலை நீங்களே ரெக்கார்ட் செய்து கேளுங்கள். முதல் நாள் கொடுமையாக இருக்கும். போகப் போகப் பழகிவிடும்.

எழுத: 2022 கடைசியில் சாட்ஜிபிடி வந்ததிலிருந்து கடிதத்தை அதுவே எழுதிவிடுகிறது. அங்கேதான் ஆபத்து. முதலில் நீங்கள் எழுதுங்கள். பிறகு திருத்தச் சொல்லுங்கள். ‘ஏன் திருத்தினாய்?’ என்றும் கேளுங்கள். அதையே எழுத விட்டால் தேறுவது அது, நாம் இல்லை.

மறுபடியும் மும்பை

போன மாசம் மறுபடி வீடியோ மீட்டிங். அதே அதிகாரி. மூச்சு விடாமல் ஏதோ கேட்டார். ‘யெஸ் சார்’ தொண்டை வரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

“சாரி சார். ப்ளீஸ் ஸ்பீக் ஸ்லோலி. ஐ வான்ட் டு அண்டர்ஸ்டாண்ட்.”

ஒரு நொடி அமைதி. ஃபீஸ் இல்லாத பீஸ். மனுஷர் சிரித்தார், ஆனால் கேலியாக இல்லை. நிதானமாகத் திரும்பக் கேட்டார். கேட்டது என்ன தெரியுமா? ஜி.எஸ்.டி. கணக்கில் ஒரு சின்ன வித்தியாசம். இரண்டு வருஷமாக எனக்குத் தெரிந்த விஷயம்! நாலு வாக்கியத்தில் சொன்னேன். இலக்கணம் ரெண்டு இடத்தில் நொண்டியது. கணக்கு நொண்டவில்லை.

பிரமோஷனா? இன்னும் வரவில்லை. ஆனால் அடுத்த வாரம் அவரே நேரில் காரைக்குடிக்கு வருகிறாராம். கணக்கை நான்தான் விளக்க வேண்டுமாம். ஆச்சியிடம் சொன்னேன்.

“அவுக ஊர் எது?”

“மும்பை ஆச்சி.”

“அப்ப அவுகளுக்கும் அது சொந்தப் பாஷை இல்லைதானே? பயப்படாமப் பேசு. மத்தியானச் சாப்பாடு நம்ம வீட்ல போட்ருவோம்!”

‘யெஸ், ஆச்சி!’ என்றேன். இந்த ‘யெஸ்’, கேள்வி புரிந்து சொன்னது.