தாயகம் திரும்பினோரும் வாழிடத் தெரிவும்

மாத்தளை மாவட்டத் தோட்டங்களிற் பிறந்து, இன்று நீலகிரியிலும் கேரளத்திலும் வாழ்வோர் பலர். அவர்கள் கடல் கடந்தமைக்கு 1964 ஒக்டோபர் 30 ஆம் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கையே காரணம் என்பதை மாணவரும் அறிவர். நாடற்றவராயிருந்தோருள் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென அதில் முடிவாயிற்று. எஞ்சிய 150,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. ஆயின், அத்துணைப் பெரிய இந்தியாவில் எங்குக் குடியமர்வது என்பதை ஒரு தோட்டக் குடும்பம் எவ்வாறு தீர்மானித்தது? இதனை விளக்குவதே எம் நோக்கம்.

தெரிவு கப்பலேறுமுன்பே நிகழ்ந்தது. கண்டியிலிருந்த இந்தியத் தூதரக அலுவலகம் கடவுச்சீட்டுடன் குடும்ப அட்டை ஒன்றையும் வழங்கிற்று. எவ்வகை மறுவாழ்வு உதவி என்பது அவ்வட்டையிற் குறிக்கப்படும். பின்னர் புகையிரதத்தில் தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் இராமேசுவரம், அப்பால் மண்டபம் முகாம். கண்ணாற் காணாத ஊரைக் காகிதத்திலே தெரிந்தெடுத்தனர் என்க. உறவினர் கடிதமும் அயல் லயத்தார் பேச்சுமே அவர்க்குக் கிடைத்த பூகோளப் பாடம்.

பெரும்பாலோர் விரும்பியது வியாபாரக் கடன். அதில் வியப்பில்லை. மூன்று தலைமுறை பிறர் தோட்டத்தில் உழைத்தவனுக்குச் சொந்தக் கடை என்பது சிறு கனவன்று. அதுவும் பாட்டன் பிறந்த திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரப் பகுதிகளில்! ஆனால் பாட்டன் விட்டுச்சென்ற ஊர் பேரனை அறியவில்லை. காணியும் இல்லை, கடன் கொடுத்து வாங்கும் பழக்கமும் இல்லை. வந்த பணம் வீட்டு வாடகைக்கும் சோற்றுக்கும் கரைந்தது. கடை சரிந்த பின் பலர் தாமாகவே கோத்தகிரி, கூடலூர், கோடைக்கானல் மலைகளுக்கு ஏறினர். உதவியை முன்பே பெற்றுவிட்டமையால் மலையில் அவர்க்கு வேறு உரித்து இல்லை. கோடைக்கானற் காடுகளில் மரம் வெட்டுங் கொத்தடிமைகளாய்ச் சிக்குண்டோரும் உளர். கைப்பழக்கம் இல்லாத தொழிலுக்கு முதல் கொடுத்தவர்கள், அதனை நடத்தும் வழியைக் கற்பிக்கவில்லை என்பதே எமது குறை.

தோட்ட வேலையைத் தெரிந்தவர் நிலை வேறு. அவர்க்கெனவே தமிழ்நாட்டரசு 1968 இல் நீலகிரியில் தேயிலைத் திட்டமொன்றைத் தொடங்கிற்று. பின்னர் அது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. எல்கடுவை, இரத்தோட்டை மலைகளிற் கொழுந்து பறித்த கை அங்கும் அதனையே பறித்தது. குளிர் மிகுதி, ஆயினும் தொழிலும் லயமும் தமிழும் இருந்தன.

உக்குவளைப் பக்கத்தில் இறப்பர்ப் பால் வெட்டியவர்க்குப் பொருத்தமான இடங்கள் வேறு: கேரளத்தில் புனலூர், கன்னட நாட்டில் சுள்ளியா, புத்தூர். வெப்பமும் மழையும் மாத்தளைத் தாழ்நிலத்தை ஒத்தவை. கத்தி பிடிக்கும் பழக்கமும் வீண்போகாது. இழப்பு மொழியில் நேர்ந்தது. தமிழிற் படித்த பிள்ளை மலையாளத்திலோ கன்னடத்திலோ அரிச்சுவடி தொடங்க வேண்டியதாயிற்று. கூலி முக்கியமா, பிள்ளையின் படிப்பு முக்கியமா என்று அட்டைக்கு விண்ணப்பிக்குமுன் கேட்டுச் சொல்வார் இருந்திருப்பின் சிலர் வேறிடம் தெரிந்திருப்பர்.

1984 இல் கப்பற் சேவை நின்றது. போக்கும் ஏறக்குறைய நின்றது. ஆயினும் வாழிடக் கேள்வி நிற்கவில்லை. நீலகிரித் தோட்ட வீடு வேலையுள்ளவரைக்குமே உரியது. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். கழகத்தின் நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்கு மீள ஒப்படைப்பதென 2022 இல் அரசு தீர்மானித்தபோது, இளமையிற் கடல் கடந்து வந்த முதியோர் மீண்டும் ஒருமுறை எங்குச் செல்வதென வினவி நின்றனர்.