மஃரிபுக்குப் பிறகு எடுக்கும் படம்

வீட்டுக்கு ஒரு டிஜிட்டல் கமரா வாங்கப் போகிறவரிடம் கடையில் முதலில் சொல்லப்படுவது மெகாபிக்சல், அடுத்தது சூம். இரண்டும் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருக்கின்றன; கூடினால் நல்லது என்று யாருக்கும் உடனே விளங்குகின்றன. ஆனால் வீட்டுப் படத்தின் தரத்தை இந்த இரண்டும் தீர்மானிப்பதில்லை. வீட்டுக் கமராவைத் தேர்ந்தெடுக்க வேண்டியது, வீட்டார் ஒன்றுசேரும் நேரத்தின் வெளிச்சத்தை வைத்து. நம் ஊரான மடவளையில் அந்த நேரம் பெரும்பாலும் மஃரிபு எனும் அந்தித் தொழுகைக்குப் பிந்தியது. பகலில் பிள்ளைகள் பாடசாலையில், பெரியவர்கள் கடையிலோ கண்டியிலோ. நம் நாடு நிலநடுக்கோட்டுக்கு அண்மையில் இருப்பதால் ஆண்டு முழுவதும் மாலை ஆறு, ஆறரை மணியளவில் சூரியன் மறைந்துவிடும். மேற்கே மலை மறைக்கும் பள்ளத்து வீடுகளில் அதற்கும் முந்தியே இருள் வந்துவிடும். ஒக்டோபர் மழை தொடங்கிவிட்டால் பின்னேரமே மின்குமிழைப் போட வேண்டிய வீடுகள் எத்தனையோ. பிள்ளை எழுந்து முதல் அடி வைப்பதும், உம்மம்மா பேரப்பிள்ளைக்கு ஓதிக் கொடுப்பதும், நோன்பு திறக்கும் மேசையைச் சுற்றி எல்லோரும் அமர்வதும் இந்த வெளிச்சத்தில்தான். இதில் தோற்கும் கமரா, பேராதனைப் பூங்காவின் பகல் வெயிலில் எத்தனை அழகாகப் படம் எடுத்தாலும் வீட்டுக்கு உதவாது.

மெகாபிக்சலை முதலில் முடித்துவிடலாம். ஸ்டூடியோவில் நாம் பிரிண்ட் போடும் 4 தர 6 அங்குல அளவுப் படத்துக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற நல்ல தரத்தில் கணக்கிட்டாலும் 1,200 தர 1,800 புள்ளிகள் போதும். அதாவது ஏறத்தாழ 22 இலட்சம், 2.2 மெகாபிக்சல். சுவரில் மாட்டும் ஏ4 அளவுக்குக்கூட 9 மெகாபிக்சல் தாராளம். 4கே தொலைக்காட்சித் திரை முழுவதையும் நிரப்ப 8.3 போதும். மத்திய கிழக்கில் தொழில் செய்யும் வாப்பாவுக்கு வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படமோ நீளப் பக்கம் சுமார் 1,600 புள்ளிகளாகச் சுருங்கியே போய்ச் சேர்கிறது. இன்று விற்பனையில் உள்ள எந்தக் கமராவும் இந்தத் தேவைகளை எப்போதோ தாண்டிவிட்டது. 50 மெகாபிக்சல் என்று விளம்பரம் செய்யப்படும் போன்களில் பெரும்பாலானவை நான்கு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படத்தையே வழமையாகச் சேமிக்கின்றன. வெளிச்சம் போதாததால்தான் அப்படிச் சேர்க்க வேண்டியிருக்கிறது. பெட்டியில் அச்சிட்ட எண்ணைப் போனைச் செய்தவர்களே கைவிடும்போது அதற்காக நாம் ஏன் காசு கொடுக்க வேண்டும்?

வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகால் அளக்கிறார்கள். உச்சி வெயிலில் அது ஓர் இலட்சம் வரை போகும்; மப்பும் மந்தாரமுமான பகலிலும் சில ஆயிரங்கள் இருக்கும். ஒரு மின்குமிழ் எரியும் முன் ஹோலில் 100 லக்ஸ் கிடைத்தாலே பெரிது. நம் கண் தன்னைத் தானே சரிசெய்துகொள்வதால் இந்த வித்தியாசம் நமக்குத் தெரிவதில்லை. கமராவுக்குத் தெரியும். லென்ஸ் எவ்வளவு திறக்கும் என்பதைக் காட்டுவது எஃப் எண்; அது குறையக் குறைய உள்ளே வரும் ஒளி கூடும். அந்த 100 லக்ஸில், ஐஎஸ்ஓ 800 என்ற உணர்திறனில், எஃப் 1.8 அளவுக்குத் திறக்கும் லென்ஸ் ஒரு விநாடியின் நூறில் ஒரு பங்கு நேரத்தில் படத்தை எடுத்துவிடும். எஃப் 3.5 வரை மட்டும் திறக்கும் லென்ஸுக்கு இருபத்தைந்தில் ஒரு பங்கு வேண்டும். சூமை முழுவதும் நீட்டினால் எஃப் 6.9 ஆகச் சுருங்கும் மலிவான கமராவுக்கு ஏழில் ஒரு பங்கு. ஓடியாடும் பிள்ளை தெளிவாக விழ நூற்றிருபத்தைந்தில் ஒரு பங்காவது வேண்டும். ஆகவே முதலாவது லென்ஸ், உணர்திறனைக் கொஞ்சம் கூட்டினால், பிள்ளையின் சிரிப்பைப் பிடித்துவிடும். மூன்றாவதில் விழுவது முகம் தெரியாத கலங்கல். லென்ஸுக்குப் பின்னால் ஒளியை வாங்கும் சென்சரின் பரப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சாதாரண கொம்பக்ட் கமராவின் சென்சர் ஏறத்தாழ 28 சதுர மில்லிமீற்றர். ‘ஒரு அங்குல’ சென்சர் என்று விற்கப்படுவது 116. ஏபிஎஸ்-சி எனப்படுவது ஏறத்தாழ 330 முதல் 370 வரை. (ஒரு அங்குலம் என்பது பழைய வீடியோக் குழாய்க் காலத்துப் பெயர் மட்டுமே. அதன் மூலைக்கு மூலை நீளம் 16 மில்லிமீற்றர்தான்.) எஃப் 1.8 லென்ஸும் ஒரு அங்குல சென்சரும் சேர்ந்தால், எஃப் 3.5 லென்ஸும் சிறிய சென்சரும் கொண்ட கமராவைவிடப் பதினைந்து மடங்கு ஒளியை அதே நேரத்தில் உள்வாங்கும். கடையில் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள் இவைதான்: லென்ஸ் எந்த எஃப் வரை திறக்கும்? சென்சரின் அளவு என்ன?

வெளிச்சம்தான் படத்தைத் தீர்மானிக்கிறது என்பதைப் பழைய படப்பிடிப்பாளர்கள் நம்மைவிட நன்றாக அறிந்திருந்தார்கள். 1870களில் சார்ல்ஸ் ஸ்கோவன் கண்டியில் ஸ்டூடியோ வைத்திருந்த காலத்துக் கண்ணாடித் தகடுகளின் உணர்திறன் மிகக் குறைவு. அதனால் அக்கால ஸ்டூடியோக்களுக்குக் கண்ணாடிக் கூரை போட்டார்கள். படம் எடுக்க வந்தவர்கள் பல விநாடிகள் அசையாமல் இருக்க வேண்டியிருந்தது. இலங்கைக்கு வந்து 1879இல் டிக்கோயாப் பகுதியில் காலமாகி, பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்ட ஜூலியா மார்கரெட் கமரூன், அதற்கு முன் இங்கிலாந்தில் இருந்தபோது கண்ணாடி பதித்த ஒரு கோழிக்கூட்டைத்தான் தன் ஸ்டூடியோவாக மாற்றினார். கருவியைவிட வெளிச்சத்துக்கு அவர்கள் கொடுத்த இடம் பெரியது. இன்றும் கமரா வாங்குவதற்கு முன் செய்யக்கூடிய மலிவான காரியம் இதுதான்: பகலில் ஆட்களை ஜன்னலோரம் அமர்த்துவது, ஹோலில் இன்னொரு நல்ல மின்குமிழைப் பூட்டுவது. வெளிச்சம் இரண்டு மடங்கானால் எந்தக் கமராவும் அந்த அளவுக்கு மேம்படும்.

கையில் போன் இருக்கும்போது கமரா எதற்கு என்ற கேள்வியே எல்லாவற்றிலும் வலுவானது. பலருக்கு அது சரியான கேள்வி. விலை கூடிய போன்களின் பிரதான சென்சர் இன்று பழைய கொம்பக்ட்களினதைவிடப் பெரியது. 2018இல் கூகுள் பிக்சலிலும் 2019இல் ஐபோன் 11இலும் வந்த இரவு வசதி, பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாக்கி இருட்டையும் வெளிச்சமாக்குகிறது. அமர்ந்திருக்கும் உம்மாவை எடுக்க இது போதும். அசைகிறவர்களிடம்தான் இந்த வழி தடுமாறுகிறது: ஒவ்வொரு படத்திலும் பிள்ளையின் கை வேறு இடத்தில் இருந்தால் எதை எதோடு சேர்ப்பது? மலிவான போன்களில் இந்தத் தடுமாற்றம் இன்னும் மோசம். ஆகவே நல்ல போன் வைத்திருப்பவர் சாதாரண கொம்பக்ட் கமராவை வாங்குவது வீண்செலவு. வாங்கினால் போனைத் தெளிவாக மிஞ்சும் லென்ஸும் சென்சரும் உள்ளதை வாங்க வேண்டும், இல்லாவிட்டால் வாங்காமலே இருக்கலாம். இன்னொரு காரணமும் நம் ஊருக்குப் பொருந்தும். வீட்டுப் பெண்களின் படங்கள் தாமாகவே இணையத்துக்கு ஏறிவிடுமோ என்று தயங்கும் குடும்பங்கள் பல. கமராவில் எடுத்த படம் மெமரி கார்டிலேயே இருக்கும். நாமாக அனுப்பும் வரை எங்கும் போகாது. அந்தத் தயக்கத்தைப் பழமை என்று தள்ளிவிட நான் தயாரில்லை.

சூம் வேண்டாமா, மதீனா தேசிய பாடசாலையின் விழாவில் மேடையில் நிற்கும் பிள்ளையைப் பின்வரிசையிலிருந்து எப்படி எடுப்பது என்று கேட்பார்கள். பாடசாலை விளையாட்டுப் போட்டி என்றால் அது பகல் வெளிச்சத்தில் நடக்கிறது. அங்கே மலிவான சூமும் வேலை செய்யும். மண்டபத்துக்குள் மேடையைத் தூரத்திலிருந்து எடுக்கும்போதுதான் சூம் நீண்டு லென்ஸ் சுருங்குகிறது. எதற்காக வாங்கினோமோ அந்த இடத்திலேயே அது கைவிடுகிறது. ஃபிளாஷும் உதவாது. தூரம் இரண்டு மடங்கானால் அதன் ஒளி கால்வாசியாகக் குறையும். கமராவோடு வரும் சிறிய ஃபிளாஷ் ஒரு சில மீற்றருக்கு அப்பால் ஒன்றும் செய்யாது. எழுந்து முன்னால் போய் எடுப்பதே வழி. ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை வரும் மேடைக்காக நாளாந்தம் வரும் மாலைகளை விட்டுக்கொடுக்கக் கூடாது.

விலைக்கு வருவோம். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் சில வாரங்களில் 350ஐத் தாண்டியது. பின்னர் இறங்கியும் பழைய இடத்துக்கு வரவில்லை. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 வீதமானது. உலகச் சந்தையும் மாறிவிட்டது: ஜப்பானியக் கமரா உற்பத்தியாளர் சங்கத்தின் கணக்கில் 2010இல் 12 கோடிக்கு மேல் இருந்த கமரா விநியோகம், 2023இல் 80 இலட்சத்தை எட்டவில்லை. மலிவான கொம்பக்ட்களின் இடத்தைப் போன் எடுத்துக்கொண்டது. எஞ்சியவை பெரும்பாலும் விலை கூடியவை. ஆகவே வீட்டுத் தேவைக்குப் பாவித்த கமராவே புத்திசாலித்தனமான தெரிவு என்பது என் முடிவு. 2012இல் வெளிவந்த சோனி ஆர்எக்ஸ்100 ஒரு அங்குல சென்சரும் எஃப் 1.8 லென்ஸும் கொண்டது. இன்றும் மாலை வெளிச்சத்தைச் சமாளிக்கும். லென்ஸ் மாற்றக்கூடிய பழைய நிக்கோன் டிஎஸ்எல்ஆர் கிடைத்தால் அதனோடு வரும் 18-55 லென்ஸோடு நின்றுவிடாமல், 2009இல் வந்த 35 மில்லிமீற்றர் எஃப் 1.8 லென்ஸைத் தேடிப் பூட்டலாம். 50 மில்லிமீற்றர் எஃப் 1.8 பெயர் பெற்றதுதான், ஆனால் சிறிய ஹோலில் பின்னால் போக இடமில்லாமல் முதுகு சுவரில் முட்டும்.

பாவித்ததை வாங்கும்போது கண்டிக் காற்றின் ஈரத்தை மறக்கக் கூடாது. லென்ஸுக்குள் ஒரு பக்கத்திலிருந்து போன் டோர்ச்சை அடித்து மறுபக்கத்தால் பாருங்கள். சிலந்தி வலை போல மெல்லிய இழைகள் தெரிந்தால் அது பூஞ்சணம், விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். வாங்கியதைத் தோல் உறையில் போட்டு அலுமாரிக்குள் பூட்டி வைப்பதும் பூஞ்சணத்துக்கு வழிதான். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொதிகளோடு, பற்றரியை ஏற்றிய நிலையில், ஹோலிலேயே கைக்கு எட்டும் தட்டில் வையுங்கள். மெமரி கார்டில் சேரும் படங்களை எங்கே, எத்தனை பிரதிகளாக வைப்பது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.